குழந்தையின் காலில் நான்கு விரல்கள்

மண் ஒட்டிய காசைச் சவர்க்காரம் போட்டுக் கழுவக் கூடாது. காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். தண்ணீர் கலங்கியதும் ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். இப்படியே கிழமைக்கணக்கில் செய்த பிறகு பெரிதாக்கும் விளக்கின் கீழே வைத்து, பல்லுக்குத்தும் குச்சியால் மண்ணை மெல்ல மெல்லக் கிளற வேண்டும். அவசரப்பட்டுக் கத்தியை எடுத்தால் மண்ணோடு சேர்ந்து அரசனின் மூக்கும் வந்துவிடும்.

ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் இருக்கும் வினோதன் அங்கிளின் வீட்டு பேஸ்மென்ற்றில் நான் செய்யும் வேலை இது. அவர் ஐரோப்பாவிலிருந்து பழைய ரோமக் காசுகளைக் கிலோக்கணக்கில் வாங்கி, துப்புரவாக்கி, இணையத்தில் விற்கிறார். எல்லாம் வெண்கலம். பெரும்பாலானவை எங்கள் கனடாப் பத்துச் சதக் குற்றியின் அளவுதான் இருக்கும். தங்கக் காசு தளபதிகளுக்கும் பணக்காரருக்கும் போனது. பாண் வாங்குகிறவனின் கைக்கு வந்தது வெண்கலம்தான். பத்திரிகையும் வானொலியும் இல்லாத காலத்தில், அரசன் சனத்துக்குச் சொல்ல விரும்பியதை வெண்கலத்தில் அடித்து அவர்களுடைய மடிக்குள்ளேயே அனுப்பிவிட்டான்.

மூட்டையில் அதிகமாக வருவது ஒரே ஒரு படம். தலைக்கவசம் போட்ட சிப்பாய் ஒருவன் ஈட்டியை ஓங்கி நிற்கிறான். அவனுக்கு முன்னால் ஒரு குதிரை முழங்கால் மடிந்து சரிகிறது. அதிலிருந்து விழுகிறவன் ஒரு கையைப் பின்னால் திருப்பி உயர்த்துகிறான். சுற்றிவர இலத்தீனில் எழுதியிருப்பதன் பொருள், நல்ல காலம் திரும்பி வந்துவிட்டது என்பது. அந்தக் காலம் அப்படி ஒன்றும் நல்லதாக இருக்கவில்லை. அரசர்கள் தங்களுக்குள்ளேயே சண்டை பிடித்தார்கள். காசும் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போனது. எழுத்து மட்டும் மாறவில்லை.

"விழுறான் பார், உவன்தான் எங்கட ஆள்" என்று வினோதன் அங்கிள் ஒருநாள் சொன்னார். "மற்றவனிட்டத்தான் காசடிக்கிற மெசின் இருக்கு."

சொல்லிவிட்டு மேசை லாச்சியைத் திறந்து ஓர் ஆயிரம் ரூபாய் நோட்டைக் காட்டினார். யுத்தம் முடிந்த வருடம் இலங்கையில் வெளியிட்ட நோட்டு. அதன் பின்பக்கத்தில் சிப்பாய்கள் கொடி ஏற்றுகிறார்கள். நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். நான் அதிகம் பேசுவதில்லை. அவருக்கும் அது பழகிவிட்டது.

அந்தக் காசுகளைக் கையால்தான் அடித்தார்கள். வெண்கல வில்லையை இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. அடி சற்று விலகினால் படத்தின் ஒரு பக்கம் காசுக்கு வெளியே போய்விடும். ஒன்றில் சிப்பாயின் தலை இருக்காது. இன்னொன்றில் குதிரையின் பின்பாதி இருக்காது. ஒரே அச்சில் அடித்த பல காசுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் முழுப்படமும் தெரியும். காசின் விளிம்பில் ஈட்டி முனை மட்டும் தெரிந்தால், அதைப் பிடித்திருக்கும் ஒருவன் எங்கேயோ நிற்கிறான் என்று அர்த்தம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கும் அப்படி ஒரு படம் இருக்கிறது.

அந்தப் படத்தில் வலது பக்கம் ஒரு சிப்பாய் குனிந்து தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நீட்டுகிறான். நடுவில் நிற்கும் அம்மா அதை இரண்டு கையாலும் வாங்குகிறார். அம்மாவின் இடுப்பில், துணியால் கட்டியபடி நான். எனக்கு அப்போது ஒரு வயது. போத்தலைப் பார்த்துச் சிரிக்கிறேன். யுத்தத்தின் கடைசி நாட்களில் இராணுவத்தின் படப்பிடிப்பாளன் எடுத்தது. மூன்று மொழியிலும் 'மீட்கப்பட்டார்கள்' என்று கீழே போட்டு, துண்டுப் பிரசுரமாக அடித்து எல்லா இடமும் கொடுத்தார்கள். அம்மாவின் பெயர் யோகமலர். அது எந்தப் பிரசுரத்திலும் இல்லை.

பத்தாம் வகுப்பில் பிரசாரம் பற்றிய பாடத்தின்போது ஆசிரியர் அந்தப் படத்தைத் திரையில் போட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஜெசிகா என்ற பிள்ளை திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உது உன்ர அம்மாவெல்லே என்று கேட்டாள். அம்மாவின் நாடியில் இருக்கும் பெரிய மச்சம் காட்டிக்கொடுத்துவிட்டது. வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிலர் பாவம் என்றார்கள். ஒருவன், ஆமிக்காரனைப் பார்த்து என்ன சிரிப்பு என்றான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் போனேன், பிறகு போகவில்லை.

அந்தப் படத்தைப் பற்றி அம்மா சொல்லும் கதை வேறு. அப்பா கிருபன் அந்த வரிசையில் அம்மாவுக்கு ஒட்டினாற்போல் பின்னால் நின்றார். தண்ணீர் கொடுத்த பிறகு, இயக்கத்தில் ஒரேயொரு நாள் இருந்தவர்களையும் ஒரு பக்கமாக வரச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பதிந்துவிட்டு விடுவோம் என்றார்கள். அப்பா இயக்கத்தின் சைக்கிள்களும் ஜெனரேற்றர்களும் திருத்தியவர். எனக்கென்ன பயம் என்று சொல்லிவிட்டுப் போய் பஸ்சில் ஏறினார். அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை. அப்படி ஒருவரைத் தாங்கள் பிடிக்கவே இல்லை என்று அரசாங்கம் எழுத்தில் பதில் அனுப்பியிருக்கிறது.

இந்த வருடம் மாசி மாதம் ரோகிணி என்ற வழக்கறிஞர் எங்களைக் கூப்பிட்டார். சரணடைந்து காணாமல் போனவர்களின் கோப்புகளை வெளிநாட்டு விசாரணைக் குழு ஒன்றுக்குக் கொடுப்பதற்காகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் வாக்குமூலத்தைப் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், மனைவி சொல்வது மட்டும் என்றால் கோப்பு அடியில் போய்விடும் என்றார். அந்த இடத்தில் அந்த நாளில் அவர் உயிரோடு இராணுவத்தின் கையில் இருந்தார் என்று காட்ட வேறு ஏதாவது வேண்டும். ஒரு சாட்சி, ஒரு படம், ஏதாவது. சித்திரை முடிய முன்னர்.

அம்மா தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார். "படம் இருக்குப் பிள்ளை. அவர் அதில இல்லை."

நான் அந்தப் படத்தின் பிரதிகளைத் தேடத் தொடங்கினேன், ஒரே அச்சின் காசுகளைத் தேடுவது போல. துண்டுப் பிரசுரத்தில் அம்மாவின் தோளோடு வெட்டியிருந்தார்கள். பத்திரிகைகளில் இன்னும் நெருக்கி வெட்டியிருந்தார்கள். ஒரு பழைய இணையப் பக்கத்தில் மட்டும் இடது ஓரம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதில் அம்மாவின் இடுப்பில் தொங்கும் என் காலின்மேல் ஏதோ ஒன்று தெரிந்தது. பெரிதாக்கினால் புள்ளிபுள்ளியாக உடைந்தது. துணியாக இருக்கலாம். விரல் நுனியாகவும் இருக்கலாம்.

பங்குனியில் வினோதன் அங்கிளுக்கு ஒரு புது வேலை வந்தது. வைகாசியில் வரும் யுத்த நினைவு நாளுக்கு எங்கள் ஆட்களின் நினைவுக் குழு ஒரு வெண்கலப் பதக்கம் அடிக்கப் போகிறது. குழுவின் தலைவர் சச்சிதானந்தன். காசைப் பற்றித் தெரிந்தவர் என்று அங்கிளிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தார். அச்சு வெட்டுகிற மரியோ என்பவர் முதலில் உள்ளங்கை அளவில் ஒரு களிமண் மாதிரி செய்து அனுப்பினார்.

நான் வேலைக்குப் போனபோது அது என் மேசையில் இருந்தது. ஒரு தாய், இடுப்பில் குழந்தை. தாயின் இரண்டு கைகளும் முன்னால் வெறும் வெளியை நோக்கி நீண்டிருந்தன. சிப்பாய் இல்லை, போத்தல் இல்லை. தாயின் நாடியில் சிறு புடைப்பாக ஒரு மச்சம்.

அங்கிள் தொலைபேசியில் மரியோவுடன் பேசிக்கொண்டிருந்தார். குழந்தையின் காலில் இருக்கும் அந்தக் கட்டி என்ன என்று மரியோ கேட்டிருக்க வேண்டும். அங்கிள் ஆங்கிலத்தில் சொன்னார், அது ஒன்றுமில்லை, பழைய படத்தில் இருந்த பிழை, மட்டமாக்கிவிடு.

நான் விளக்கைக் கிட்ட இழுத்தேன். அது கட்டி இல்லை. நான்கு விரல்கள். குழந்தையின் பாதத்தைச் சுற்றிப் பிடித்திருந்தன. அவற்றுக்குப் பின்னால் கை இல்லை, ஆள் இல்லை.

அங்கிள் திரும்பியபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு தொலைபேசியை வைத்தார். பிறகு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு அட்டையை இழுத்தார். ஆள் உயரத்தில் பாதி இருக்கும். ஆர்ப்பாட்டங்களில் தூக்கிப் பிடிக்கிற அட்டை.

அம்மாவும் நானும் இங்கே வருவதற்கு முன்னர், யுத்தம் முடிந்த அந்த வருடம், அவர் இருபத்தைந்து வயதில் குழுவுக்காகச் செய்த பதாகை அது. சனம் ரொறன்ரோ வீதிகளில் இறங்கி நின்ற காலம். இராணுவத்தின் இணையத்தளத்தில் அப்போது இருந்து பிறகு நீக்கப்பட்ட பெரிய படத்தை எடுத்து, சிப்பாயை வெட்டிவிட்டிருக்கிறார். நீட்டிய கை எதையோ யாசிக்கிற மாதிரி வந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் அடித்தார்கள். பிறகு யாரோ, இது ஆமியின் படம் என்று கண்டுபிடித்துச் சொல்ல, குழு வெட்கப்பட்டு எல்லாவற்றையும் சேர்த்து எரித்தது. கணினியில் இருந்த மூலப் படத்தையும் அழிக்கச் சொன்னார்கள். அங்கிள் அந்த ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தியலால் உடைத்தார். இந்த ஒரு அட்டையை மட்டும் வைத்திருந்தார். இப்போது அந்த வெட்கம் ஆறிப்போய் குழு அதே தாயைப் பதக்கத்துக்குக் கேட்டபோது, இதைத்தான் படமெடுத்து மரியோவுக்கு அனுப்பினாராம்.

"இடப்பக்கம் ஒராள் நிண்டதெல்லே" என்று கேட்டேன்.

"ஓம்."

"ஆர்?"

"ஒரு ஆம்பிளை. உன்ர காலைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர்." அங்கிள் கதிரையில் உட்கார்ந்தார். "காயமில்லாமல் முழுசா நிண்டார். பக்கத்தில ஆம்பிளை நிண்டால் ஆருக்கும் கண்ணீர் வராது, எடுத்துவிடு எண்டு சச்சி அண்ணை சொன்னார். எடுத்துப்போட்டன். புகை மாதிரி ஒண்டை வைச்சு மூடினனான். விரல் மட்டும் உன்ர காலோட ஒட்டியிருந்தது. அதை வெட்டினால் காலும் பழுதாகும். விட்டிட்டன்."

அம்மாவைப் பிறகு கோவிலில் கண்டபோதே மச்சத்தை வைத்து அடையாளம் பிடித்துவிட்டாராம். சொல்ல வாய் வரவில்லையாம். நான் பள்ளிக்கூடத்தை விட்டதைக் கேள்விப்பட்டு வேலைக்குக் கூப்பிட்டதும் அதனால்தானாம். இவ்வளவு நாளும் அவர் என்னை நல்ல மனதோடு கூப்பிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவேளை அதுவும் உண்மையாக இருக்கலாம்.

அவருடைய கண்ணாடிப் பெட்டியில் விற்காமல் வைத்திருக்கும் ஒரு பெரிய வெண்கலக் காசு உண்டு. அதில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு இளவரசர்களின் முகங்கள் எதிர் எதிரே இருந்தன. பட்டத்துக்கு வந்த பிறகு அண்ணன் கரகல்லா தம்பி கெற்றாவைக் கொன்றான். தம்பியின் முகத்தை எல்லா இடத்திலும் அழிக்கச் சொன்னான். அந்தக் காசை அடித்த ஊர்க்காரர்கள் உளியால் தம்பியைச் சுரண்டிவிட்டு, அதே காசைத் தொடர்ந்து பாவித்தார்கள். இப்போது அண்ணன் ஒரு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அங்கிளுக்கு மிகவும் பிடித்த காசு அது. ஏன் பிடிக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அடுத்த நாள் அம்மா வேலை முடிந்து, முதியோர் இல்லத்தின் சீருடையோடேயே வந்தார். அட்டையில் தன்னுடைய முகத்தை அவர் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து காலைப் பார்த்தார். சுட்டுவிரலின் நகம் நடுவால் பிளந்திருந்தது.

"சைக்கிள் செயின் வெட்டின நகம்" என்றார். "பிறகு நேரா வளரவே இல்லை."

புகையின் மேல் கையை வைத்தார். கை வைத்த இடம் அப்பாவின் நெஞ்சு இருந்திருக்கக் கூடிய உயரம். அழவில்லை. திரும்பி, "தம்பி, நீங்கள் கண்டதை எழுதித் தருவியளோ?" என்று மட்டும் கேட்டார்.

அங்கிள் தருவதாகச் சொன்னார். அம்மாவின் முன்னால் இருந்தே எழுதினார். மூலப் படத்தில் இடது பக்கம் ஓர் ஆண் நின்றார், முப்பது வயது மதிக்கலாம், குழந்தையின் காலைப் பிடித்திருந்தார், அவருக்குப் பின்னால் துவக்கோடு ஒரு சிப்பாய் நின்றான், நானே அவரை அழித்தேன். ரோகிணியிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டினோம். மாற்றிய பதாகையைத் தனியாகக் கொடுத்தால் எதிர்த்தரப்பு சிரிக்கும், ஆனால் மாற்றியவரே சத்தியம் செய்து சொன்னால் அது சாட்சி என்றார். அவருடைய குரலில் முதல் தடவையாக ஒரு வேகம் இருந்தது. கையெழுத்தைச் சத்தியக் கடதாசியில் போட வேண்டும், வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு வரட்டும் என்றார்.

வியாழக்கிழமை சச்சிதானந்தன் வந்தார். தன் வீடு இருக்கும் ஸ்ரௌவ்வில்லில் இருந்து வருகிற வழியில் மட்டன் ரோல்ஸ் வாங்கி வந்திருந்தார். பெரிய மனிதர். கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு அறைக்குள் எட்டுப் பேர் படுத்த காலத்திலிருந்து எத்தனையோ பேருக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர், பெட்டியில் ஊருக்குப் போன உடல்களுக்குக் காசு சேர்த்தவர். அது எல்லாம் உண்மை. படிக்கட்டில் இறங்கும்போதே, என்ன வினோதன், ரோம ராச்சியம் இன்னும் விழேல்லையோ என்று பகிடி விட்டார்.

என்னை மேலே போகச் சொல்லவில்லை. நான் இருப்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கிறேன். ரோல்ஸை மேசையில் விரித்து வைத்துவிட்டு, யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன் என்று தொடங்கினார். கோபமே இல்லை. அந்தப் பதாகையைத் தூக்கிக்கொண்டு சனம் வெயிலிலும் மழையிலும் நின்றது என்றார். அதைப் பொய் என்று நாங்களே சத்தியம் செய்து கொடுத்தால் அடுத்த நாளே கொழும்பில் பத்திரிகையில் வரும் என்றார். இவர்களுடைய படம் எல்லாமே இப்படித்தான் என்பார்கள். ஊரில் மற்ற அம்மாக்கள் பிள்ளைகளின் படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருக்கிறார்களே, அவர்களுடைய படங்களையும் நம்ப மாட்டார்கள். அவர் சொன்னதில் பாதி சரி என்று எனக்கே தோன்றியது. அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணை, ஆளை அழிச்சது நான். அவவின்ர மனுசன்" என்றார் அங்கிள்.

"எனக்கு விளங்காமலே? ஆனா ஒராள், வினோதன். அங்க ஆயிரக்கணக்கில போனதுகள். ஒராளைக் காட்ட வெளிக்கிட்டு அவ்வளவு பேரையும் பொய்யாக்கிறதோ?"

என் கையில் ஒரு காசு இருந்தது. குச்சியை அதன்மேல் வைத்தபடி பேசினேன். நிமிர்ந்து பார்த்திருந்தால் பேசியிருக்க மாட்டேன்.

"அந்த ஆயிரத்தில அப்பாவும் ஒராள்தானே அங்கிள்."

சச்சிதானந்தன் கதிரையோடு என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை கதைக்குமோ?" என்றார் சச்சிதானந்தன். "இவ்வளவு நாளும் ஊமையெண்டெல்லோ நினைச்சன்." சிரித்துவிட்டு என் பக்கம் ஒரு ரோலைத் தள்ளி வைத்தார். "சாப்பிடு மோனை. உன்ர அம்மாவை நாங்கள் விடமாட்டம்."

வெள்ளிக்கிழமை நானும் அம்மாவும் ரோகிணியின் அலுவலகத்தில் காத்திருந்தோம். அங்கிள் வரவில்லை. முதலே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார். ரோகிணி கடதாசியை எங்கள் பக்கம் திருப்பினார். வேறு யாரோ திருத்திய ஆங்கிலம். அம்மாவுக்காக அவர் தமிழில் சொன்னார்: பதாகையின் தேவைக்காகப் படத்தின் பின்னணியில் இருந்த சில தேவையற்ற பகுதிகளை நீக்கினேன்.

அம்மா திரும்பச் சொல்லச் சொன்னார். ரோகிணி திரும்பச் சொன்னார்.

"தேவையற்ற பகுதிகள்" என்றார் அம்மா. பிறகு தன்னுடைய கைப்பையின் சிப்பை இழுத்துப் பூட்டினார். கோப்பு அம்மாவின் வாக்குமூலத்தோடு மட்டும் போனது. அது அடியில் போகும் என்று ரோகிணி முதலே சொல்லியிருந்தார். அதை அவர் மீண்டும் சொல்லவில்லை.

நான் திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. அங்கிள் என்னைப் பார்க்காமலே காசுகளின் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, தனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லாருடைய முகத்திலும் முழிக்க வேண்டும் என்றார். நான் குதிரையிலிருந்து விழுகிறவனின் கையிலிருந்த மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

சித்திரைக் கடைசியில் சச்சிதானந்தன் எங்கள் வீட்டுக்கே வந்தார். நினைவு நாளன்று முதலாவது பதக்கத்தை அம்மாவுக்கு மேடையில் வைத்துக் கொடுக்க வேண்டுமாம். அந்தத் தாய் இவர்தான் என்று சனத்துக்குச் சொல்லப் போகிறார்களாம். அம்மா தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். வர மாட்டேன் என்பார் என்றுதான் நான் நினைத்தேன்.

"வாறன்" என்றார் அம்மா. "மைக்கை என்னட்டை ஒருக்காத் தரவேணும். அவற்ற பேரைச் சொல்லவேணும். அந்தப் படத்தில அவரும் நிண்டவர் எண்டு சொல்லவேணும். வேற ஒண்டும் சொல்லமாட்டன்."

சச்சிதானந்தன் கோப்பையின் விளிம்பைத் துடைத்தார். "அதுக்கென்ன. ஒரு நிமிசம் தாறம்."

அவர் போன பிறகு அம்மா எனக்கு விளக்கினார். மண்டபத்தில் ஆயிரம் பேர் இருப்பார்கள். எல்லாவற்றையும் வீடியோ எடுப்பார்கள். அத்தனை பேரின் காதில் விழுந்த பெயரை யாரும் வெட்டி எடுக்க முடியாது. கடதாசியில் இல்லாவிட்டாலும் சனத்தின் வாயில் இருக்கும். அம்மா அந்த வசனத்தைச் சமைக்கும்போதும் சொல்லிப் பார்த்தார். என்ர மனுசன் கிருபன், ஆமி கொண்டு போகேக்க உயிரோட நிண்டவர். பேருந்தில் போகும்போது உதடு அசைவதைக் கண்டேன்.

வைகாசி நினைவு நாளன்று மண்டபம் நிறைந்துவிட்டது. எல்லாரும் கறுப்பும் வெள்ளையும். வாசலில் பதக்கங்களைப் பிளாஸ்ரிக் சிமிழ்களில் போட்டு அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அழகாக அடித்திருந்தார்கள், அடி ஓர் இம்மியும் விலகவில்லை. குழந்தையின் கால் வழுவழுவென்று இருந்தது. பின்பக்கத்தில் 'மறவோம்' என்று எழுதியிருந்தது.

அம்மாவைக் கூப்பிட்டார்கள். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. அம்மா படியேறிப் போனார். சச்சிதானந்தன் பதக்கத்தை நீட்ட, அம்மா இரண்டு கையாலும் வாங்கினார். படம் எடுக்கிறவர்கள் முன்னால் வந்து மொய்த்து, அப்படியே நிற்கச் சொன்னார்கள். நீட்டிய அந்தக் கைகளை நான் கண்டேன். வலது பக்கம் குனிந்து கொடுக்கிறவர், நடுவில் அம்மா, இடது பக்கம் யாருமில்லை.

நான் எப்படி மேடைக்குப் போனேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. யாரோ தடுக்கப் பார்த்தார்கள், மகள் என்றேன். அந்த இடது பக்கத்தில் போய் நின்று அம்மாவின் முழங்கையைப் பிடித்தேன். அவ்வளவு பேரும் என்னைப் பார்த்தார்கள். பத்தாம் வகுப்பில் திரும்பிய முகங்களைவிட எத்தனையோ மடங்கு.

அம்மா மைக்கைத் தேடினார். மஞ்சள் பட்டி கட்டிய ஒரு தொண்டர் அதைத் தாங்கியோடு தூக்கிக்கொண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தார். நேரம் போய்விட்டது அன்ரி, அடுத்தது பிள்ளைகளின் நிகழ்ச்சி என்று ஒருவர் காதுக்குள் சொன்னார். சச்சிதானந்தன் அம்மாவின் தோளில் கை வைத்து, மெதுவாக, மரியாதையாகப் படியின் பக்கம் திருப்பினார். பாட்டு தொடங்கிவிட்டது. அம்மா வாய் திறந்து அந்த வசனத்தைச் சொன்னார். எனக்கு மட்டும் கேட்டது.

அடுத்த கிழமை இலவசப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் படம் வந்தது. சச்சிதானந்தன் கொடுக்கிறார், அம்மா வாங்குகிறார். அம்மாவின் முழங்கையோடு வெட்டியிருந்தார்கள். அதில் என் விரல்கள் இருந்தன.

அம்மா கன நேரம் பார்த்தார். "உன்ர விரலோ?"

"ஓம்."

படத்தின் கீழே எடுத்தவரின் பெயர் இருந்தது, பஸ்ரியன். கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர். விளம்பரப் பக்கத்தில் அவருடைய இலக்கமும் இருந்தது. தெரியாத ஒருவருக்கு நான் அதுவரை தொலைபேசி எடுத்ததில்லை. குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு எடுத்தேன். மேடையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை என்று சொன்னேன்.

"முழுப்படமும் இருக்கோ? அழிச்சுப்போட்டியளோ?"

"நாளைக்கு ஒரு சாமத்தியவீட்டுக்குப் படம் எடுக்கவேணும், பிள்ளை" என்றார் அவர். "மெமரி காட்டைத் துடைக்கத்தான் கையில வைச்சிருக்கிறன். ஏன், பத்திரிகையில வடிவா வரேல்லையோ?"

"துடைக்காதேங்கோ. எல்லாம் வேணும். ஓரத்தில ஆர் நிண்டாலும் வெட்டாமல் அனுப்புங்கோ."

அனுப்பினார். அம்மா அதைப் படம் அச்சடித்துத் தரும் மருந்துக்கடையில் கொடுத்துப் பெரிதாக எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாம் இருந்தது. சச்சிதானந்தன், பதக்கம், அம்மாவின் கைகள், நான். எனக்கும் அப்பால், இடது ஓரத்தில், மைக்கைத் தூக்கிக்கொண்டு போகும் அந்தத் தொண்டரின் முதுகும் இருந்தது.

"இதில நீ சிரிக்கேல்லை" என்றார் அம்மா.

பிறகு படத்தைக் குப்புறத் திருப்பி, குசினி மேசையில் வைத்து, பேனையால் பெயர்களை, படத்தில் வலமிருந்து இடமாக நின்ற ஒழுங்கில் எழுதினார். சச்சிதானந்தன். யோகமலர். சுபாங்கி, அதாவது நான். தொண்டரின் பெயர் தெரியாததால், மைக்கை எடுத்தவர் என்று எழுதினார். எனக்கும் மைக்கை எடுத்தவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார். அந்த இடத்தில் கிருபன் என்று எழுதினார்.

அப்பா அந்தப் படத்தில் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா மை காயட்டும் என்று ஊதிக்கொண்டிருந்தார்.